உச்சிக்குழி

சர்ர், சர்ர், அப்புறம் ஒரு தட். மறுபடியும் சர்ர், சர்ர். வீட்டுக்குப் பின்னால் எங்கேயோ. விளக்கு வைத்து அதிக நேரம் ஆகவில்லை, டியூஷன் முடிந்து போகிற பிள்ளைகளின் சைக்கிள் சத்தம் இப்போதுதான் தெருவில் அடங்கியது, ஆனால் பின்பக்கம் இருட்டு எப்போதும் முந்திக்கொண்டு வந்துவிடும், ரைஸ்மில்லின் நெடுஞ்சுவர் அங்கே அந்தி வெளிச்சத்தை விழவே விடாது. சர்ர். காய்ந்த ஓலையை யாரோ மண்ணில் இழுக்கிற மாதிரி. இல்லை, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. பாம்பு சட்டை உரிக்கிற சத்தத்தை நான் எப்போது கேட்டேன், கேட்டதே இல்லை, இருந்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. எழுந்து போய்ப் பார்க்கலாம். எழ முடியாது. சுவரில் சாய்ந்து நீட்டிய கால்களின் மேல் பிள்ளை கிடக்கிறாள், அழுது அழுது இப்போதுதான் கண் அயர்ந்தாள், முழங்காலைக் கொஞ்சம் அசைத்தாலும் முழித்துவிடுவாள், முழித்தால் மறுபடி அந்த அழுகை, குரல் கம்மிப்போய், பூனைக்குட்டி கத்துகிற மாதிரி. மருந்து உள்ளே போயிருக்கிறது. டாக்டர் சொன்னார், சாதாரணக் காய்ச்சல்தான்மா, சொட்டு மருந்து கொடுங்க, ஈரத்துணி போடுங்க, பால் குடிக்கிறவரைக்கும் பயமில்லை, விடியறதுக்குள்ள இறங்கலேன்னா தூக்கிட்டு வாங்க. இறங்கும். இறங்க வேண்டும். அதுவரை அசையாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. பின்கதவு தாழ் போடாமல் கிடக்கிறது.

அந்தக் கதவைத் தாழ் போடக்கூடாது. அது என் மாமியார் ஆவுடையம்மாளின் சட்டம், பிள்ளை பிறந்த முப்பதாம் நாளிலிருந்து அமலில் இருக்கிறது. இன்று காலையில் வள்ளியூருக்குத் துஷ்டி வீட்டுக்குக் கிளம்பும்போதுகூட, தங்கச்சி புருஷன் செத்துப்போன துக்கத்திலும், செருப்பை மாட்டிக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். வடிவு வந்தா வருவா, கதவச் சும்மா சாத்தி வையி, தாழ் போட்டுராத, அவளுக்கு இல்லாத பாத்தியதையா. வடிவக்கா இப்போது வருவதில்லை என்பது அத்தைக்குத் தெரியும். ஏன் வருவதில்லை என்பது தெரியாது. அது எனக்கும் வடிவக்காவுக்கும் மட்டும் தெரியும். அப்புறம் இவளுக்கும் தெரியுமோ என்னவோ, கால்மேல் கிடக்கிற இவளுக்கு, அன்று இவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நெற்றித் துணி காய்ந்துவிட்டது. எட்டித் தண்ணீரில் நனைத்துப் பிழிய ஒரு கை போதும், பழகிவிட்டேன். துணியை வைக்கும்போது உச்சிக்குழி தெரிகிறது, மயிர் விலகிய இடத்தில், தோலுக்குக் கீழே துடிக்கிறது, உள்ளே யாரோ விரலால் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி, எலும்பு இன்னும் மூடாத இடம், அங்கே கண் போனால் திருப்ப முடியவில்லை. அங்கேதான் வாய் வைத்து முத்தினேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பார்க்கக்கூடாததும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த இடத்தில்தான்.

மூத்தவனுக்கு ஒரு வாரம்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அவனை யாரிடமும் ஒளிக்கவில்லை நாங்கள். வயிற்றில் இருக்கும்போதே பேர் வைத்தாயிற்று, பிறந்த அன்றே இவர் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார், கண்ணாடித் தொட்டிலுக்கு வெளியே நின்று நான் அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். அத்தை அப்போது ஒன்றும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள், நமக்கென்ன தெரியும் என்று பொறுத்துக்கொண்டாள் போல. அவன் போன பிறகும் சொல்லவில்லை. இவள் பிறந்ததும்தான் வாயைத் திறந்தாள். இதைத் தவிட்டுக்குக் கொடுத்துத்தான் வாங்கணும். பிள்ளையைப் பின்வாசல் வழியாக இன்னொருத்தி கையில் கொடுத்துவிட வேண்டும், உனக்கே உனக்கு என்று. அவள் அதைத் தன் முறத்தில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயில் கிடத்தி எடுத்து, தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வருவாள், விற்க வந்தவள் மாதிரி. பெற்றவள் யாரோ மாதிரி வெளியே வந்து, மூஞ்சியைச் சுளித்துப் பேரம் பேசி, போனால் போகிறது என்று ஒரு மரக்கால் தவிட்டைக் கொடுத்து வாங்க வேண்டும். உயிரைத் தேடி வருகிறவன் ஏமாந்து போவான், இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கிய சரக்கு என்று. அதற்காகத்தான் இவளுக்குப் பிச்சம்மா என்று பேர். சர்டிபிகேட்டில் இருக்கிற பேரை ஒரு வயது முடிகிறவரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் மனசுக்குள்கூடச் சொல்வதில்லை இப்போது. அப்போது சிரித்தேன். இவரிடம் போனில் சொல்லிச் சிரித்தேன், தூத்துக்குடி துறைமுகத்து இரைச்சலுக்கு நடுவே அவரும் சிரித்தார், அம்மா சொல்றதச் செஞ்சிட்டுப் போயேன், ஒரு மரக்கால் தவிடுதான, என்றார்.

சிரித்திருக்கக் கூடாது. சிரிக்க எனக்கு என்ன உரிமை, இதே சமாச்சாரத்துக்குத்தான் பாளையங்கோட்டையில் சிஸ்டர்மார் கையால் பரிசு வாங்கினேன். எம்.ஏ. கடைசி வருஷம், கீழைப் புராணங்களிலும் மேலைப் புராணங்களிலும் திரும்பத்திரும்ப வருகிற படிமங்கள் என்று ஒரு கட்டுரை. எவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதினேன். கடலில் பிறந்த ஒரு தாய், பிள்ளைக்குச் சாவே வரக்கூடாது என்று கீழுலகத்து ஆற்றில் முக்கி எடுக்கிறாள், குதிகாலைப் பிடித்துக்கொண்டு முக்குகிறாள், பிடித்த இடத்தில் தண்ணீர் படவில்லை, பின்னால் அம்பு அங்கேதான் வந்து தைக்கிறது. இங்கே, கண்ணைக் கட்டிக்கொண்டே வாழ்ந்த ராணி, ஒரே ஒருநாள் கட்டை அவிழ்த்து மகனின் உடம்பெல்லாம் தன் பார்வையால் வயிரமாக்குகிறாள், அம்மா முன்னால் வெட்கப்பட்டு அவன் துணியால் மறைத்த இடம் மட்டும் சதையாகவே நிற்கிறது, அடி அங்கேதான் விழுகிறது. இரண்டையும் அக்கம்பக்கத்தில் வைத்து, காக்கப்படாத ஓர் இடம் என்று தலைப்புப் போட்டு, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதக் கற்பனை ஒன்றே என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஹாஸ்டலில் ஜெசிந்தா படுத்துக்கொண்டே கேட்டாள், ஏட்டி, ஒனக்குப் பிள்ள பெறந்தா எங்க பிடிச்சு முக்குவ? யோசிக்காமல் சொன்னேன், மயிரப் பிடிச்சு, மொட்ட போட்டா அந்த இடமும் போயிரும்லா. விழுந்து விழுந்து சிரித்தோம், வார்டன் வந்து கதவைத் தட்டுகிறவரைக்கும். எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லையே, அந்தக் குதிகாலைப் பிடித்திருந்தது ஒரு கை என்று. பிடிக்காமல் எப்படி முக்குவது. ஆற்றோடு போய்விடாமல் பிடித்த பிடிதான் அது, அம்மா இறுக்கிப் பிடித்த இடத்தைத்தான் நான் பலவீனமான இடம் என்று எழுதினேன். அவளுக்கு எப்படி இருந்திருக்கும், பின்னால் சேதி வந்தபோது, எங்கே தைத்தது என்று கேட்டிருப்பாள், குதிகாலில் என்று சொல்லியிருப்பார்கள், தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அதை நான் எழுதவில்லை. குறிப்புகளும் பக்க எண்களும் எழுதினேன்.

சர்ர், சர்ர், தட். கிட்டத்தில் கேட்கிறது. இல்லை, அதே இடம்தான், மில்லில் மிஷின் நின்றுவிட்டது, அதனால் துலக்கமாகக் கேட்கிறது. நாயாக இருக்கும். நாய் இப்படிக் கணக்கு வைத்துச் செய்யுமா, இரண்டு இழுப்பு ஒரு தட்டு. ஒன்பதாம் வகுப்பில் வயதான அயர்லாந்துச் சிஸ்டர் ஒருவர் தையல் பீரியடில் கதை சொல்வார், அவர்கள் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுவதற்கு முன்னால் இருட்டில் ஆற்றோரம் யாரோ துணி அலசுகிற சத்தம் கேட்குமாம், போய்ப் பார்த்தால் ஒரு பெண் குனிந்து அலசிக்கொண்டிருப்பாளாம், சாகப்போகிறவர்களின் துணியை. இரவெல்லாம் எங்களுக்குத் தூக்கமில்லை. இங்கே பின்னால் ஒரு துவைகல் இருக்கிறது. போதும், இதை நினைக்காதே. இவள் மூச்சைக் கேள். மூச்சு வேகமாகத்தான் போகிறது, ஆனால் சீராகப் போகிறது. உள்ளங்கால் சுடுகிறதா, உள்ளங்கால் குளிர்ந்திருந்தால் காய்ச்சல் இன்னும் ஏறும் என்பார்கள், சுட்டால் இறங்கப்போகிறது என்பார்கள், வெதுவெதுவென்று இருக்கிறது, வெதுவெதுப்புக்கு யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

கட்டுரையில் கூடைகளும் வந்தன. ஆற்றில் பிள்ளையை விட்ட இரண்டு தாய்கள். ஒருத்தி பெட்டியின் சந்துகளை மெழுகால் அடைத்தாள், ஒருத்தி கூடைக்குத் தார் பூசினாள், ஒப்புமையைக் கவனிக்க என்று எழுதியிருந்தேன். எதைக் கவனித்தேன் நான். பூசிவிட்டு அவர்கள் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்திருக்க மாட்டார்களா, முதலில் வெறும் கூடையை, பிறகு பிள்ளையின் எடைக்கு எதையாவது வைத்து, அடியில் கையைவிட்டு ஈரம் ஏறியிருக்கிறதா என்று தடவித் தடவி. நம்முடையவள் விட்டுவிட்டுத் திரும்பினாள், அந்தப் பெட்டிக்குக் காவல் யாருமில்லை, வாழ்நாளெல்லாம் மகனைத் தூரத்தில் இருந்து பார்த்தாள். பைபிளில் வருகிறவளுக்குக் கொடுப்பினை இருந்தது. மூத்த மகள் நாணலுக்குள் ஒளிந்து நின்று கூடை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், ராஜகுமாரி எடுத்ததும் ஓடிப்போய், பால் கொடுக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு அம்மாவையே கூட்டி வந்தாள். சொந்தப் பிள்ளைக்குக் கூலிக்குப் பால் கொடுத்தாள் அவள். யாரோ பெற்றதை மாரில் போட்டுக்கொண்ட மாதிரி, ராஜகுமாரி முன்னால், ஒருநாள் தப்பாமல். வாய் தவறி ஒரு தரம் மகனே என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவில்லை. பால் மறக்கிறவரைக்கும் அவள் நடித்தாள். என்னால் ஒரு நிமிஷம் முடியவில்லை.

எவ்வளவு சுலபமான வேலை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அத்தை முந்தின நாளே சொல்லிக்கொடுத்தாள். கொஞ்சிக் கிஞ்சித் தொலச்சிராத, சீ, இது என்ன பிள்ளன்னு மூஞ்சத் திருப்பிக்கிடணும். முப்பதாம் நாள், பின்வாசலில் வடிவக்கா நின்றாள். பின்சந்தில் ஒற்றை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள், புனலூருக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பியே வரவில்லை, பிள்ளை குட்டி கிடையாது. பிள்ளையே புழங்காத வீடு, அங்க வர அவனுக்கு வழி தெரியாது, அதான் வடிவு என்று அத்தை கணக்குப் போட்டிருந்தாள். முறத்தில் கொஞ்சம் தவிட்டைப் பரப்பி அதன்மேல் பழைய சேலைத்துண்டு. கையில் கொடுத்தேன். அப்போதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, ஒரு பாதிரியார் எழுதிய பழைய புத்தகத்தில் படித்த ஞாபகம், கிரேக்க தேசத்தில் பிறந்த குழந்தையைத் தானியம் புடைக்கிற கூடையில்தான் கிடத்துவார்களாம், அவர்கள் சாமியே குழந்தையாக அப்படித்தான் கிடந்தாராம், அடடா, இதைக் கட்டுரையில் சேர்க்காமல் போனோமே என்று நினைத்தேன். என் பிள்ளை முறத்தில் போகிறாள், நான் கட்டுரையை நினைக்கிறேன். பிறகு முன்வாசலுக்கு வந்து நின்றேன். தெரு நீளத்துக்கு வெயில். வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது போல இருந்தது. தாண்டவில்லை, சந்தைச் சுற்றி வர ஆகிற நேரம்தான், ஆனால் மூத்தவனைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனபோதும் நான் இப்படித்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவன் திரும்பி வரவில்லை. திருப்பத்தில் வடிவக்கா தெரிந்தாள், முறம் இடுப்பில். வாசலுக்கு வந்து, தெருவே கேட்கிற மாதிரி, தவிட்டுக்கு ஒரு பிள்ள இருக்கு, வாங்குதீகளா என்றாள். கருப்பா நோஞ்சானா இருக்கு, எனக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். முறத்தில் இவள் கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான், பாய்ந்து எடுத்துவிட்டேன். உச்சியில் முகத்தைப் பதித்து முத்தினேன், என் தங்கமே என்றேன், பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

அத்தையின் முகம் வெளிறிப்போனது. வடிவக்காதான் சுதாரித்தாள். ஏளா, அடுத்தவ பெத்த பிள்ளயப் போட்டு இப்படியா கொஞ்சுவ, நல்ல கூத்தா இருக்கே என்று சத்தமாகச் சிரித்து, யாருக்கோ சமாதானம் சொல்கிற மாதிரி வாசல் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னாள், பிள்ள இல்லாதவ, ஆசப்பட்டு முத்திட்டா. தன்னைப் பற்றி ஊர் சொல்கிறதை எடுத்து என்மேல் போட்டு மூடினாள். மரக்கால் தவிட்டை முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். அந்தத் தவிட்டை அன்றைக்கே மாட்டுக்கு வைத்துவிட வேண்டும், வைத்தால்தான் வியாபாரம் முடிந்தது என்பது வழக்கம். ஆனாலும் காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும். கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்தார்கள், தோட்டத்தில், இருட்டில், விளக்கும் தடியுமாக வந்தவர்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, நான் யாரை முத்தமிடுகிறேனோ அவர்தான் என்று ஒருவன் சொல்லி வைத்திருந்தான். கூடவே இருந்த சீடன் முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தான். நான் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம். இந்தா, இவள்தான், இங்கேதான் எலும்பு மூடவில்லை.

சர்ர். தட். கால் மரத்துப்போய்விட்டது, இடது கால் என் கால் மாதிரியே இல்லை. அன்றைக்குப் பிறகும் வடிவக்கா தினம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். தவிட்டம்மாவுக்கு அது உரிமை, ஒரு வயது வரைக்கும் பின்கதவு அவளுக்குத் திறந்திருக்கும், தட்ட வேண்டியதில்லை. மாட்டுச் சாணி வாசனையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள், ஈரக் கை, தரையில் உட்கார்ந்து இவளை மடியில் போட்டுக்கொள்வாள், உள்ளங்காலை ஊதுவாள், யார் யாருக்குப் பால் ஊற்றினேன், யார் தண்ணியா இருக்குன்னு மல்லுக்கு நின்னா என்று இவளிடம் கணக்கு ஒப்பிப்பாள். எங்கள் முறத்தை எடுத்து மடியில் கவிழ்த்து விரலால் சுரண்டித் தட்டித் தாளம் போடுவாள். ஒருநாள் இவள் சிரித்தாள். உதட்டால் சிரிக்கிற சிரிப்பு இல்லை, முதல்முறையாகச் சத்தம் வந்து, தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. நான் அடுப்படியில் இருந்தேன். ஓடி வந்து நான் என்னென்னவோ செய்தேன், இவள் என் பக்கம் திரும்பவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் சொன்னேன். தினமும் வரணும்னு இல்லக்கா. பிள்ளைக்குக் கண்ணு பட்டுரும்.

நான் சொன்னேன். தவிட்டைப் பார்த்துச் சிரித்தவள், கான்வென்ட்டில் பதின்மூன்று வருஷம் படித்தவள், கண் படும் என்று சொன்னேன், பிள்ளையில்லாத ஒருத்தியைப் பார்த்து. நம்பாத ஒன்றைக் கையில் எடுத்து அடித்தேன், எங்கே விழும் என்று தெரிந்தே அடித்தேன், அவளும்தான் எங்கேயும் மூடிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். வடிவக்கா கோபிக்கவில்லை. சேலைத்துண்டை இவள் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டாள். சரி தாயி என்றாள். மறுநாளிலிருந்து பால் செம்பு மட்டும் துவைகல்லில் வந்து இருக்கும். கூப்பிடலாமென்று இருந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று. அவள் வராத ஒவ்வொரு நாளும் கூப்பிடுவது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே வந்தது. முந்தாநாள் காய்ச்சல் வந்தது. கதைகளில் இதுவும் இரண்டு பக்கமும் உண்டு, விருந்துக்கு அழைக்காமல் விட்ட ஒருத்தி வாசலில் வந்து நின்று தொட்டிலைப் பார்த்துச் சாபம் போடுவது. நேற்றிலிருந்து எனக்கு அந்த நினைப்புதான், அவள் சபித்திருப்பாள், வயிறெரிந்திருப்பாள். இதையும் நான்தான் நினைக்கிறேன். அடித்தவளும் நான், அடிபட்டவள் என்ன செய்வாளோ என்று பயப்படுகிறவளும் நான்.

சர்ர், சர்ர், தட். கால்மேல் ஏதோ அசைந்தது. இவள் பெருவிரல். கண் மூடித்தான் இருக்கிறது, ஆனால் சத்தம் வரும்போது விரல் விரிகிறது, தட் என்னும்போது மடங்குகிறது. மறுபடி பார்த்தேன். மறுபடியும் அப்படித்தான். தூக்கத்திலேயே இவளுக்குத் தெரிந்திருக்கிறது, முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியவில்லை. முறம். முறத்தில் புடைக்கிற சத்தம். விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் புடைக்க மாட்டார்கள், லட்சுமி போய்விடுவாள் என்பார்கள், அதனால்தான் இந்தச் சத்தத்தை இருட்டோடு சேர்த்து என் காது அறியவில்லை. இருட்டில் புடைக்கிறவள், பகலில் இந்தப் பக்கம் வர முடியாதவளாக இருக்க வேண்டும். எத்தனை நாளாக. மில் இரைச்சலில் நான் கவனித்திருக்க மாட்டேன். அந்தத் துவைகல்லில் இருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக இந்தப் பாய் தெரியும். நாணலுக்குள் நின்று கூடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றி எத்தனை வரி எழுதினேன், இரண்டு வரி. கூப்பிட வேண்டும். இருட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பார்கள், எதெதையோ சொல்லியிருக்கிறார்கள், நான் எதை ஒழுங்காகச் செய்தேன்.

“வடிவக்கா.”

சத்தம் நின்றது. பிறகு சன்னமாக ஒரு குரல், “நான் இல்ல தாயி. போய்ட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது, கால் குலுங்கினால் இவள் முழிப்பாள் என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். உள்ளே வாங்கக்கா, எந்திரிக்க முடியல, பிள்ள கால்ல கெடக்கா என்றேன். கதவு திறந்தது. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள், முறத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி. நான் இங்கயே நிக்கேன், கண்ணு படும்லா என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது, நிஜமாகவே பயப்படுகிற குரல், அதுதான் என்னைக் கொன்றது. இத்தனை நாளும் என் சொல்லை நம்பியிருக்கிறாள். காய்ச்சலுக்குத் தான்தான் காரணமோ என்று அந்தத் துவைகல்லில் உட்கார்ந்து நினைத்திருக்கிறாள். தப்பாச் சொல்லிட்டேன்க்கா, பொறாமையில சொன்னேன் என்றேன். வடிவக்கா இவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள், பிறகு படியைத் தாண்டினாள். முறத்தில் இருந்தது தவிடு. வண்டு விழுந்து, புடைத்துப் புடைத்துச் சலித்து வைத்த பழைய தவிடு.

“இது அன்னைக்குக் குடுத்ததாக்கா? மாட்டுக்கு வைக்கலியா?”

“வைக்கல.”

அவளே சொன்னாள், இவளைப் பார்த்துக்கொண்டே. “மாடு தின்னுட்டா வித்தது வித்ததாயிரும்லா. நீ வேற அன்னைக்கு முத்திட்ட. தவிடு எங்கிட்ட இருக்கற மட்டும் இவ எங்கணக்குலதான இருக்கா. வாரவன் மொதல்ல எங்க வீட்டுக்கு வரட்டும். எங்கிட்ட எடுக்க என்ன இருக்கு?”

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நாளைக்குப் பால் கொஞ்சம் பிந்தும் என்கிற மாதிரி. நான் குனிந்துகொண்டேன். நான் பிடித்த பிடியில் விட்டுப்போன இடத்தை வடிவக்கா இத்தனை நாளாகத் தன் கையால் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள், இருட்டில், வண்டு பொறுக்கிக்கொண்டு. என் கட்டுரையில் எந்தப் பக்கத்துக் கதையிலும் இப்படி ஒருத்தி இல்லை. இருந்திருப்பாள், எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியாத மாதிரி. பின்கதவு திறந்தே கிடந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, மில் சுவரின் கருப்பு மட்டும். இவள் கண் திறந்தாள். நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை கட்டியிருந்தது, மூக்குநுனியில் கூட. இறங்குகிறதோ. சொல்லக்கூடாது, சந்தோஷத்தைக் காட்டக்கூடாது, இந்த ஒரு தரமாவது. கையைக் கொடுத்துத் தூக்கினேன், உச்சியைப் பார்க்காமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு, திறந்த கதவுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினேன்.

“யாரு பிள்ளக்கா இது? கருப்பா, நோஞ்சானா. எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கிடுங்க.”

வடிவக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு புரிந்தது, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள், வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், “எம்பிள்ளதான், ஒனக்கென்ன வந்துது” என்று அவளும் சத்தமாகவே சொன்னாள். மடியில் இருந்து அந்தத் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் கேட்டதா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சுவரைப் பிடித்து எழுந்தேன். இரண்டு காலிலும் ரத்தம் திரும்பி ஊசி ஊசியாகக் குத்தியது, நொண்டி நொண்டித்தான் போனேன், அடுப்படியைத் தாண்டி, முறத்தைத் தாண்டி. வெளியே எட்டிப் பார்க்கவும் இல்லை. வரவேண்டியவள் வந்துவிட்டாள், இனி அந்தக் கதவு யாருக்காகத் திறந்து கிடக்க வேண்டும். சாத்தினேன். தாழ்ப்பாள் மாதக்கணக்கில் புழங்காமல் துருவேறி இறுகிக் கிடந்தது, ஒரு கைக்கு அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து, உடம்பைக் கொடுத்துத் தள்ளினேன். கிறீச்சென்று நகர்ந்து, கடைசியில் விழுந்தது.